பேர் விழாத நாட்கள்: சப்த கன்னி மலையும் இரண்டு நோய்களும்

நோட்டன் பிரிட்ஜ் டவுனுக்கு வருகிற வெளியூர்க்காரங்க முதல்ல நீர்த்தேக்கத்தைப் படம் பிடிப்பாங்க. அடுத்தது, நினைவாக வைத்திருக்கிற அந்த விமானச் சக்கரத்தை. அதற்குப் பின்னால் உள்ள கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி கடந்த நேரம். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் போகும் வழியில் கட்டுநாயக்காவில் இறங்க வேண்டிய ஒரு டிசி-8 விமானம், சப்த கன்னி மலைத்தொடரில் மோதியது. ஒல்லாந்து நாட்டு மார்ட்டின்எயார் நிறுவனத்துடையது. உள்ளே ஹஜ் யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்த விமானிகள், மலை இருக்கிற இடத்திலேயே கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.

செத்தவங்களைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் மேலே ஏறிப்போன தோட்டத்து ஆட்களைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது. ஆனால் நாங்கள் கடைசியில் வந்து நின்ற இடம் வேறு.

எங்களில் ஒருத்தியின் அப்பாவுக்கு அப்போது 13 வயசு. பெரியவங்க போக வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் பின்னாலேயே ஏறிப்போனவர். என்ன பார்த்தீங்க என்று கேட்டால் பார்த்ததைச் சொல்ல மாட்டார். நாத்தத்தைத்தான் சொல்லுவார். "மண்ணெண்ண டின்ன மலை முழுக்கக் கவுத்த மாதிரி." அது கற்பனை இல்லை. ஜெட் விமான எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான். லயத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்குதானே. அன்றிலிருந்து வீட்டில் விளக்கு ஏத்துகிற நேரம் அவர் வாசலில் போய் நிற்பாராம். மழை பெய்தாலும் வாசல்தான்.

பிறகு கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போனார். 1983 ஜூலை வந்தது. எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம்தான் அது தொடங்கியது. மூன்று வாரம் தூக்கமே இல்லை. ஆனால் களைப்பும் இல்லை. ஹட்டனுக்கு பஸ் கம்பனி வைக்கப்போவதாகச் சொல்லி, இருந்த காசையெல்லாம் ஆளாளுக்கு அள்ளிக் கொடுத்தார். ராத்திரியில் பாட்டு, விடியிறதுக்குள்ள அடுத்த தோட்டம் வரைக்கும் நடை. அதற்குப் பிறகு ஆறு மாசம் கம்பளிக்குள் படுத்தபடி, யாரோடும் பேச்சில்லை. கோடாங்கி வந்து உடுக்கு அடித்தார். ஒரு தடவை தூணில் கட்டியும் வைத்தார்கள். பல வருஷம் கழித்துத்தான் ஒரு டொக்டர் பெயர் சொன்னார்: இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலர். மேலே ஏறும் மேனியா ஒரு முனை, கீழே விழும் மனச்சோர்வு மறுமுனை. லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். ஏற்றமும் இறக்கமும் அடங்கின. மண்ணெண்ணெய் நாத்தம் மட்டும் அடங்கவில்லை.

இது எதனால் வந்தது என்று அந்த வீட்டில் நாற்பது வருஷமாக ஒரு சண்டை. அப்பாயி சொல்லும்: "அந்த மலையில பொணத்தப் பாத்த பயம்." அத்தை ஒத்துக்கொள்ளாது: "பயமாவது! எங்க அப்பனுக்கும் இருந்துச்சு. காமன் கூத்து முடிஞ்ச பொறகும் பத்து நாளைக்கு ஆடிக்கிட்டே இருப்பாரு. இது ரத்தத்துல இருக்கு." மகளுக்கு இரண்டு பதிலும் பயம். ரத்தம் என்றால், எனக்கும் வருமா? மலை என்றால், மாத்திரைக்குப் பிறகும் ஏன் அப்பா வாசலில் நிற்கிறார்?

அவளுக்காகத்தான் வாசிக்க ஆரம்பித்தோம்.

ஒரே வருஷத்தில் இரண்டு பேர்

எங்களை முதலில் நிறுத்தியது ஒரு வருஷக் கணக்கு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பை, டி.எஸ்.எம்.-3ஐ, வெளியிட்டது. பழைய பெயர்களை ஒதுக்கிவிட்டு 'இருமுனைக் கோளாறு' என்ற பெயரை அந்த நூல் முறைப்படி எடுத்துக்கொண்டது. 'நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய்', அதாவது பி.டி.எஸ்.டி., முதன்முதலாக இடம்பிடித்ததும் அதே நூலில்தான். அத்தையும் அப்பாயியும் போடுகிற சண்டையின் இரண்டு பக்கமும் ஒரே அட்டைக்குள் அச்சாகியிருக்கிறது.

ஆனால் அந்த இரண்டும் வந்த வழி வேறு வேறு. பைபோலரின் வழி ஆஸ்பத்திரி வழி. 1899இல் ஜெர்மனியின் எமில் கிரேப்பலின், ஏறி இறங்கி இடையில் தெளிகிற நோயைத் தனியாகப் பிரித்து 'மேனியா-மனச்சோர்வுப் பித்து' என்று வகுத்தார். அவர் பார்த்தது நோயின் போக்கை. குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்பது முக்கியமான கேள்வி. ஆளுக்கு என்ன நடந்தது என்பது அவ்வளவு முக்கியமில்லை. 1957இல் இன்னொரு ஜெர்மானியர், கார்ல் லியோன்ஹார்ட், ஒருமுனை, இருமுனை என்று பிரித்துக் காட்டினார்.

மனவடுவின் வழி யுத்தத்தின் வழி. முதலாம் உலக யுத்தத்தில் நடுங்கியபடி, பேச்சிழந்து திரும்பிய சிப்பாய்களைப் பற்றி சார்ள்ஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் எழுதியபோது 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயர் பரவியது. அதே யுத்தத்தில் தப்பியோடியதற்கும் கோழைத்தனத்துக்கும் என்று பிரிட்டிஷ் இராணுவம் தன் ஆட்கள் 300க்கு மேற்பட்டவர்களைச் சுட்டது. அவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006இல். அமெரிக்க நூலின் 1952 பதிப்பில் 'கடும் நெருக்கீட்டு எதிர்வினை' என்று ஒரு பெயர் இருந்தது. 1968 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களோடு நின்ற சில மருத்துவர்களும் போராடித்தான் 1980இல் அது திரும்ப வந்தது.

இரண்டு வழியும் சந்தித்த ஒரு ஆள் உண்டு: ஜோன் கேட், அவுஸ்திரேலிய மருத்துவர். அவருடைய அப்பா முதலாம் யுத்தத்தில் கலிப்போலியில் சண்டை போட்டு மனம் சோர்ந்து திரும்பியவர். கேட் 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டு மூன்று வருஷத்துக்கு மேல் சாங்கி முகாமில் கைதி. (அதே வருஷங்களில்தான் மலாயா தோட்டங்களிலிருந்து நம்ம சனம் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்டது.) முகாமில் புத்தி தடுமாறியவர்களைப் பார்த்த கேட், இது உடம்பில் ஏதோ ஒரு பொருள் கூடுவதாலோ குறைவதாலோ வருகிறது என்று நம்பத் தொடங்கினார். ஊர் திரும்பி கினிப் பன்றிகளை வைத்துச் சோதனை செய்தார். 1949இல் மேனியா நோயாளர் பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துக் கிடைத்த பலனை வெளியிட்டார். இன்று அப்பா விழுங்குகிற மாத்திரை அங்கிருந்து வந்தது. பைபோலருக்கு உலகம் கண்ட பெரிய மருந்து, யுத்தக் கைதி ஒருவரின் கண்ணில் விதையாக விழுந்தது. ஆனாலும் அவர் தேடியது உடம்புக்குள் இருந்த காரணத்தை. முகாம் என்ன செய்தது என்பதை அல்ல.

'சாதாரண மனித அனுபவம்'

டி.எஸ்.எம்.-3 மனவடுவுக்கு ஒரு நிபந்தனை வைத்தது. அந்தச் சம்பவம் 'சாதாரண மனித அனுபவத்துக்கு வெளியே' இருக்க வேண்டும். இந்த வரியை வாசித்தபோது எங்களில் ஒருவன் சிரித்துவிட்டான். "அப்ப நம்மாளுங்களுக்கு எப்பிடி வரும்?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தாத்தாமாரின் சாதாரண அனுபவத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். வேலை செய்துகொண்டிருந்த மண்ணிலேயே நாடற்றவர் ஆனோம். 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்; 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974 ஜனவரியில் பாதிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தலைமன்னாருக்கு ஆட்களைக் கொண்டுபோன ரயிலுக்கு நம்ம சனம் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. இந்த அப்பாவின் சித்தப்பா குடும்பமும் அதில்தான் போனது. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். அந்தப் பஞ்சம் தீராத காலத்தில்தான் விமானம் விழுந்தது. பிறகு 1977, 1981, 1983.

இதில் எதைச் 'சம்பவம்' என்பது, எதை 'வாழ்க்கை' என்பது? பட்டியலில் விமானம் ஒன்றுதான் சாதாரணத்துக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் அப்பாயிக்குக்கூட அது மட்டும் காரணமாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் அதுக்குப் பழகிப்போனது.

மருத்துவ உலகமும் இந்தப் பிழையைக் கண்டுகொண்டது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அது 'அசாதாரணம்' இல்லை, அன்றாடம் என்று வாதம் எழுந்தது. 1994இல் வந்த நான்காம் பதிப்பில் அந்த வரி இல்லை. 1992இல் ஜூடித் ஹெர்மன், நீண்டகாலம் தப்ப முடியாமல் அனுபவித்த கொடுமை உண்டாக்கும் காயம் வேறு விதமானது என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வகைப்பாட்டில், ஐ.சி.டி.-11இல், அது 'சிக்கலான மனவடு நோய்' என்று தனியாக உண்டு. நம் நாட்டில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வந்த தன் ஆங்கில நூலிலும் அதன் பின்னும், காயம் தனி ஆளுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் படுகிறது என்று எழுதி வந்திருக்கிறார். அவர் எழுதியது வடக்கின் யுத்தத்தை வைத்து. மலையகத்தைப் பற்றி அப்படி ஒரு புத்தகம் எங்கள் கைக்கு இன்னும் வரவில்லை.

ரெண்டும் ஒரே ஆளுக்கு

சரி, அத்தை சொல்வது சரியா, அப்பாயி சொல்வதா?

அத்தை பக்கம் பலமானதுதான். பைபோலர் பரம்பரையில் பெருமளவு கடத்தப்படும் நோய்களில் ஒன்று. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. ஆனால் கடத்தப்படுவது நோய் இல்லை, நோய்க்கு இடங்கொடுக்கிற தன்மை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில். அதாவது பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வராது. இதை அவளிடம் சொன்ன அன்று அவள் எங்களுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாள்.

அப்பாயி பக்கமும் லேசானது இல்லை. 2016இல் மன்செஸ்டர் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பைபோலர் உள்ளவர்கள் சிறுவயதில் கொடுமை அனுபவித்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.63 மடங்கு என்று கண்டார்கள். சிறுவயதில் காயம் பட்டவர்களுக்கு நோய் இளம் வயதிலேயே தொடங்குவதும், அடிக்கடி திரும்புவதும், தற்கொலை எண்ணம் கூடுவதும் பல ஆய்வுகளில் தெரிகிறது. வயிற்றில் இருக்கும்போதே படுகிற பசிக்கும் ஒரு கணக்கு உண்டு: 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்த பிள்ளைகளை வளர்ந்த பின் ஆராய்ந்தார்கள். கடுமையான மனநிலை நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்கிற வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. 1974இல் எங்கள் லயங்களில் கர்ப்பமாக இருந்தவங்களை நினைத்துப் பார்த்தோம்.

இன்னொரு திசையும் இருக்கிறது. பைபோலர் தானே காயத்தைக் கொண்டுவரும். மேனியாவில் ராத்திரி நடந்துபோகிற ஆள் அடிபடுகிறார், ஏமாற்றப்படுகிறார், கட்டிப்போடப்படுகிறார். தூணில் கட்டியதைப் பற்றி அப்பா பேசும்போதும் குரல் மாறுகிறது. வைத்தியம் என்று நினைத்து வீடு செய்த காயம் அது. 2004இல் வந்த ஒரு மீளாய்வின்படி, பைபோலர் உள்ளவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கு பி.டி.எஸ்.டி.யும் இருந்தது, பொதுச் சனத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுதான் பெரிய சிக்கல். இரண்டிலும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பேச்சு குறையும் காலம் வரும். ஆனால் தூக்கம் கெடுகிற விதத்தைக் கேட்டால் வித்தியாசம் புரியும். மனவடு உள்ளவருக்குத் தூங்க ஆசை. கண்ணை மூடப் பயம். மேனியாவில் உள்ளவருக்குத் தூக்கமே தேவைப்படவில்லை; ரெண்டு மணி நேரம் படுத்தால் போதும், எழும்பி பஸ் கம்பனி திட்டம் போடுவார். மனவடுவில் குறிப்பிட்ட நாத்தம், சத்தம், திகதி ஆளை உலுக்கும். பைபோலரில் ஏற்றத்துக்கு அப்படி ஒரு கதவு இருக்க வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் மருந்தில் போய் முடியும். மனவடுவுக்குக் கொடுக்கிற மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால், மறைந்திருந்த பைபோலர் மேனியாவாக எழும்பக்கூடும். மறுபக்கம், லித்தியம் ஏற்ற இறக்கத்தைப் பிடித்து நிறுத்தும். மலையில் கண்டதை அழிக்காது. அதற்குப் பேச்சுச் சிகிச்சை வேண்டும். முதலில் மனநிலையையும் தூக்கத்தையும் நிலைப்படுத்திவிட்டு, பிறகு மெதுவாகக் காயத்தைத் தொடுவதுதான் பொதுவான ஒழுங்கு.

அப்படியானால் அப்பா ஏன் இன்னும் வாசலில் நிற்கிறார் என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவருக்கு இருந்தது இரண்டு. வைத்தியம் நடந்தது ஒன்றுக்கு.

யாரும் கேட்காத கேள்வி

ஏன் ஒன்றுக்கு மட்டும்? இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1872இல் தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. கொலராவும் காய்ச்சலும் ஆளைக் கொன்றால் கோப்பி பறிக்க ஆள் இல்லை என்ற கவலையும் அதற்குள் இருந்தது. அடுத்த வருஷமே, 1873இல், பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம். முதலாவது சட்டம் உடம்பை வேலைக்குத் தயாராக வைத்தது. இரண்டாவது, வேலைக்கு உதவாத புத்தியை அடைத்து வைத்தது. 1847இல் பொரளையில் தொடங்கிய மனநோய் விடுதி 1880களில் கறுவாத்தோட்டத்துக்கும் 1920களில் அங்கொடைக்கும் போனது. 2008இல் அது தேசிய மனநல நிறுவனம் ஆன பிறகும் எங்கள் லயத்தில் அங்கொடை என்பது ஊர்ப் பெயர் இல்லை, வசவு. "ஒன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று எங்களில் எத்தனை பேர் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறோம்!

இன்று கிளினிக் கிட்டத்தில் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மலையில் வேலை செய்கிற ஆள் கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் விழாது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம் என்று வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லி வைக்கிறோம். ஒரு பேரை இழந்து போய், வரிசையில் நின்று, சிங்களம் தெரியாத அப்பா ஐந்து நிமிஷம் பேசியதை இன்னொருவர் ஒரு வரியில் மொழிபெயர்த்ததை அந்த மகள் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு வரியில் தூக்கம் வந்தது, சாப்பாடு வந்தது. மண்ணெண்ணெய் வரவில்லை. டொக்டர் கெட்டவர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று அவர் கேட்டார். ஒங்களுக்கு என்ன நடந்துச்சு என்று கேட்க அந்த வரிசை இடம் கொடுக்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்டோம். போன மாசம் மூன்று பேர் உட்கார்ந்து, அவர் சொல்ல விரும்பியதை மட்டும், ஒரு பக்கத்தில் எழுதினோம். வருஷம், வயசு, நடந்தது, அதற்குப் பிறகு தூக்கம் எப்படி, எப்போது ஏறியது, எப்போது இறங்கியது. 1974, 1983, 1984, தூணில் கட்டிய வருஷம். கடைசி வரி: மண்ணெண்ணெய் நாத்தம். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருத்தன் அதை மொழிபெயர்த்தான். கிளினிக் அட்டையோடு சேர்த்துக் கொடுத்தோம். டொக்டர் இரண்டு தடவை வாசித்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: அந்த நாத்தம் இப்பவும் வருதா? "வருது ஐயா," என்றார் அவர். பேச்சுச் சிகிச்சைக்கு ஒரு திகதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை வாசிக்கிற நீங்களும் உங்கள் வீட்டில் ஒருவருக்கு அப்படி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வற்புறுத்திக் கேட்க வேண்டாம். சொல்ல வந்தால் குறுக்கே பேச வேண்டாம். ஆனால் ஒன்று. காயம்தான் காரணம் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. லித்தியத்துக்கு இரத்தப் பரிசோதனையைத் தவறவிடவும் கூடாது. கேட் மருந்து கொடுத்த முதல் நோயாளியே பின்னர் அதன் நச்சுத்தன்மையால் இறந்தார். வாந்தி பேதியில் உடம்பு நீர் இழந்தால் அளவு கூடிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

பேச்சுச் சிகிச்சைக்குக் குறித்த திகதி ஒரு செவ்வாய்க்கிழமை. மகள் அவரோடு போகிறாள். அன்றைக்கு அவளுக்குச் சம்பளம் வெட்டு. பரவாயில்லை என்கிறாள். அத்தையும் வரேன் என்று சொல்லியிருக்கிறது.